குட்டைமேல் கட்டிய வீடு

முரளி,

வாங்கப்போவதாகச் சொல்லி நீ அனுப்பிய வீட்டுப் படங்களை உன் அப்பாவும் நானும் நேற்று திரும்பத் திரும்பப் பார்த்தோம். வெள்ளைச் சுவர், வழவழப்பான தரை, சமையலறையில் நித்யாவுக்கு எட்டுகிற உயரத்தில் அலமாரி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கடைசிப் படத்தில், பின்பக்க ஜன்னல் வழியாக ஒரு பச்சை நிலம் தெரிகிறது. "இந்தப் பக்கம் வீடே வராதும்மா, எப்பவும் காத்து அடிக்கும்" என்று சொல்லியிருந்தாய். அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய நிலத்தில் ஒரு மரம்கூட இல்லை. புல்லும் ஓரிடத்தில் அடர்த்தியாகவும் ஓரிடத்தில் கருகியும் திட்டுத் திட்டாக இருக்கிறது. ஓரத்து மின்கம்பம் சாய்ந்திருக்கிறது. உனக்கு அது ஒன்றுமில்லாத இடம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்பதைப் போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நித்யாவையும் படிக்கச் சொல். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் பயங்கரமான விஷயம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லாமல் விடுவதுதான் பயங்கரம்.

நீ கத்தாரில் இருந்த காலத்தில் நம் வீட்டுப் பின்னறையை இடித்தோம் அல்லவா? "தரை பேந்துடிச்சி, இடிச்சிட்டோம்" என்று உன் அப்பா உனக்குச் சொன்னார். தரை பேந்தது உண்மை. ஆனால் அது நடந்ததில் பாதிகூட இல்லை.

குருசுக்குப்பத்து வாடகை வீட்டை விட்டு நாம் உழவர்கரைக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். அங்கே கடல் காற்று வீட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே போகும். கதவைச் சாத்தினாலும் மணல் உள்ளே வந்து கிடக்கும். இங்கே தெருவின் கடைசி வீடு, புதிதாகக் கட்டியது, நம் சொந்தம். காற்று வராவிட்டால் என்ன என்று சந்தோஷமாக இருந்தோம். வந்த முதல் வெயில் காலத்தில் எந்தக் குறையும் இல்லை. கொல்லையில் நான் நட்ட முருங்கைக் கொம்பு மட்டும் துளிர்விட்டு, பிறகு துளிரெல்லாம் நுனியிலிருந்து கறுத்து நின்றது. வேறு கொம்பு வைத்தேன். அதுவும் அப்படியே. மண் சரியில்லை என்று விட்டுவிட்டேன். மண் சரியில்லை என்பது எவ்வளவு பெரிய சேதி என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் உன் அக்கா செல்வி பிரசவத்துக்கு வந்தாள். குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தாயையும் பிள்ளையையும் பின்னறையில் விட்டோம். அதுதான் சத்தமில்லாத அறை. மழை பிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைக்குக் குளிர் தாக்கக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, மேலே இருந்த காற்றுத் துவாரத்தில் பழைய துணியைத் திணித்து, கதவுக்குத் திரையும் போட்டேன். எல்லாரும் செய்வதுதான். நானும் என் கையால் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

மழை விட்ட ஒரு காலையில் கொல்லையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தேன். அதில் குமிழி வந்துகொண்டிருந்தது. சோறு கொதிக்கும்போது வருகிற மாதிரி இல்லை. ஒன்று வரும், உடையும், கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு வேறோர் இடத்தில் ஒன்று. அடியில் யாரோ படுத்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுவதுபோல இருந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தத் தெருவில் முதலில் குடிவந்தவர் அவர்தான். புருஷனை இழந்து தனியாக இருந்தார். தண்ணீரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"எம்மா, உங்ககிட்ட யாரும் சொல்லலியா? இங்க குட்டை இருந்துச்சி. உங்க வூட்டுப் பின்னறை இருக்குதே, அது குட்டையில பாதி."

"மூடிட்டாங்களாக்கா?"

"மூடி மண்ணைக் கொட்டி மனை போட்டாங்க. அந்தக் குட்டையில ஒரு பொம்பளை வுழுந்து செத்துப்போனா. பிள்ளைத்தாச்சி. அவ இன்னும் போவலன்னு சொல்லுவாங்க."

நான் அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் காது தானாகத் தீட்டிக்கொண்டது. தரைக்குக் கீழே ஏதோ களக் களக்கென்று நகர்வது கேட்டது. முதலில் என் நினைப்புதான் என்றிருந்தேன். செல்வியும் ஒருநாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "கட்டிலுக்குக் கீழ தண்ணி ஓடுதாம்மா?" என்று கேட்டாள்.

நீ வாங்கி அனுப்பிய வெள்ளிக் கொலுசைப் பிள்ளையின் காலில் போட்டிருந்தோம். அது கறுத்தது. புளி போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்தேன். மறுபடி கறுத்தது, அடுப்புக்கரி மாதிரி. செல்வியின் மெட்டியும் கறுத்தது. வெயில் காலத்தில் அந்த அறைக்கு வாங்கி மாட்டிய புது ஏசியை, மழை விட்டுப் புழுங்கிய ஒரு பகலில் போட்டால் சில்லென்று காற்றே வரவில்லை. பழுது பார்க்க வந்தவர் கறுத்துப்போயிருந்த செம்புக் குழாயைக் கழற்றி, "இன்னாங்க இது, சுடுகாட்டுல இருந்த மாதிரி இருக்குது" என்றார். செல்விக்குக் காலையில் எழுந்தால் தலை கனத்தது. "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்கற மாதிரி இருக்குதும்மா" என்பாள். முன்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தால் தெளிந்துவிடுவாள். பிள்ளை அழுகையைக் குறைத்துக்கொண்டது. பசித்தால்கூட முனகியது. பார்க்க வந்தவர்கள், "எவ்ளோ சாதுவா இருக்குது பாரு" என்று மெச்சினார்கள். பிறந்த குழந்தை சாதுவாக இருந்தால் மெச்சக் கூடாது, முரளி. உன் பிள்ளை அப்படி இருந்தால் தூக்கிக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடு.

நாற்றம் வந்ததா என்று நீ கேட்பாய். வந்தது. அழுகிய முட்டை மாதிரி. அறைக்குள் நுழைகிற நேரத்தில் சுரீரென்று அடிக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போய்விடும். உன் அப்பாதான் அதற்கு விளக்கம் சொன்னார். தான் வேலை பார்த்த மில் மூடிய பிறகு தேங்காய்த்திட்டு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர் அல்லவா? "கேஸ்னா மூக்குக்குத் தெரியும். அமோனியா கசிஞ்சா ஒரு நிமிசம் அங்க நிக்க முடியாது. இது சாக்கடை வாசம். வருது, போயிடுது" என்றார். நாற்றம் போகவில்லை, எங்கள் மூக்குதான் செத்துப்போயிற்று என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

அஞ்சலக்கா தினமும் வந்து பிள்ளையைப் பார்ப்பார். கறுத்த கொலுசைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துப்போனார். "அவளுக்குப் பிள்ளை பொறக்கவே இல்லியேம்மா. இந்தப் பிள்ளை மேல கண்ணு வச்சிட்டா. அந்த அறையில மூலையில சூடம் ஏத்து. கேட்டதைக் குடுத்துடறோம், எங்களை வுட்டுடுன்னு வேண்டிக்க." நான் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன் என்று நினைக்காதே. பேரப்பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும்போது யார் எதைச் சொன்னாலும் செய்யத் தோன்றும்.

விளக்கு வைக்கிற நேரம். மழை இருட்டு. செல்வி கட்டிலில் சாய்ந்திருந்தாள், பிள்ளை பக்கத்தில். உன் அப்பா கதவருகே நின்றார். அஞ்சலக்கா கையைக் கூப்பிக்கொண்டார். கட்டிலின் தலைமாட்டு மூலையில் தரையும் சுவரும் சேரும் இடத்தில் நான் சூடத்தை வைத்துக் கொளுத்தினேன். மஞ்சளாக எரிந்தது. வாய் திறந்து வேண்டிக்கொள்ளத் தொடங்குவதற்குள் அந்தச் சுடரின் அடியிலிருந்து இன்னொரு சுடர் பிரிந்தது. நீலம். புகை இல்லை, சத்தம் இல்லை. விரல் உயரம்கூட இல்லை. அது தரையில் ஊர்ந்து கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. அவசரமில்லாமல், வழி தெரிந்த ஆள் நடக்கிற மாதிரி நடந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் வெளியே வந்து, வளைந்து, சுவர்வரை போய் நின்றது. நின்று ஆடியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று அஞ்சலக்கா தரையில் விழுந்து கும்பிட்டார். உன் அப்பா அசையவே இல்லை. செல்வி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம்கூட இல்லை, வெறும் தூக்கம். அதுதான் என்னை உலுக்கியது. பிள்ளையை வாரி எடுத்து, செல்வியின் கையைப் பிடித்து இழுத்தேன். "எல்லாரும் வெளிய போங்க! அஞ்சலக்காவைத் தூக்குங்க!" என்று கத்தினேன். உன் அப்பாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அஞ்சலக்காவை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் வந்தார். மழையில் தெருவில் நின்றோம். வீட்டின் பக்கவாட்டில் போய்ப் பின்னறை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்த நீலக் கோடு இன்னும் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு தானாக அணைந்தது.

நனைந்துகொண்டே அந்தக் கோட்டை மனசில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மூலையில் தொடங்கி, கட்டிலுக்கு அடியில் போய், வளைந்து சுவரில் முடிகிறது. அந்த வளைவு எனக்குத் தெரிந்த வளைவு. தினமும் அந்த அறையைத் துடைக்கிறவள் நான். மழை தொடங்கியதிலிருந்து தரையில் ஒரு விரிசல் விட்டிருந்தது. துடைக்கும் துணி அதில் சிக்கும். நெருப்பு அந்த விரிசலை விட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. விரிசல் முடிந்த இடத்தில் அதுவும் முடிந்தது.

"அக்கா, செத்தவ வர்றதா இருந்தா விரிசல் வழியாத்தான் வரணுமா? எங்க வேணும்னாலும் வரலாம் இல்ல?" என்று கேட்டேன். உன் அப்பா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். செல்வியையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். அன்று இரவெல்லாம் பிள்ளை வீறிட்டு அழுததாகச் செல்வி சொன்னாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாளாம்.

தீயணைப்பு அதிகாரி கையில் கைப்பேசி அளவுக்கு ஒரு கருவி வைத்திருந்தார். வாசலில் அது சும்மா இருந்தது. கூடத்தில் எப்போதாவது ஒருமுறை கீச்சென்றது. பின்னறைத் திரையை விலக்கியதும் விடாமல் கத்த ஆரம்பித்தது. ஒன்றுமே இல்லாத, பெருக்கித் துடைத்த, பிள்ளைத் துணி காய்கிற அறைக்குள் அது அப்படிக் கத்தியது. காற்றுத் துவாரத்திலிருந்த துணியை அவர்தான் பிடுங்கினார். "குட்டையை எதைப் போட்டு மூடினாங்க?" என்று கேட்டார். தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர்தான் மெல்ல, "குப்பைதான் சார். எல்லாரும் கொட்டுவோம். மேல செம்மண்ணு" என்றார். "அது அடியில அழுகிக்கிட்டே இருக்குது. மழைத்தண்ணி ஏறினா கேஸை மேல தள்ளும். நீங்க மேல மூடி வச்சிருக்கீங்க. வெடிக்காம எரிஞ்சிதே, அதுவரைக்கும் நல்லது" என்றார்.

பின்னறையை இடித்து, அடியிலிருக்கும் கேஸ் வெளியேறக் காற்றுப் போக்கிக் குழாய் பதிக்கக் கொல்லையைத் தோண்டினோம். அதை நான் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். செம்மண் ஒரு முழம்தான். அதற்குக் கீழே மண்ணே இல்லை, கேரி பேக். முடிச்சுப் போட்ட கேரி பேக்குகள் அடுக்கடுக்காக, முட்டையிட்டு வைத்த மாதிரி. பொக்லைன் வாளி கிழிக்கும்போது ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி கிளம்பியது. உள்ளே கறுப்புச் சேறு. ஒரு காலத்தில் சாம்பாரும் கீரைத் தண்டும் மீன் செதிலுமாக இருந்தது. ஆனால் அதோடு கிடந்த பழைய பேப்பரில் அச்சை அப்படியே படிக்க முடிந்தது. மாத்திரை அட்டை, பிள்ளைகளின் டயாபர், பேட்டரி, ஒரு கண் மட்டும் போன பொம்மை. அது மல்லாந்து விழுந்து எங்களைப் பார்த்தது. தெருவே வந்து நின்றது. அவரவர் கொட்டியதை அவரவர் கண் தேடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

ஒரு சாக்கு மூட்டை வந்தது. வாய் பழம்புடவைக் கரையால் கட்டியிருந்தது. கிழிந்ததும் ஒரு தலையணை, மூத்திரப் பை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒரு செருப்பின் வார் பிய்ந்து செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. அஞ்சலக்கா அதன் பக்கத்தில் போய்க் குந்தினார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "நான் கட்டினது" என்றார். அவர் புருஷன் படுக்கையில் கிடந்து செத்தபோது, அந்த மனுஷன் பொருளையெல்லாம் அஞ்சலக்காவே மூட்டை கட்டிக் குட்டையில் வீசியிருக்கிறார். ஊரில் எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்? "அவரை எரிச்சி எத்தினி வருசம் ஆச்சி. சாம்பல்கூட கடல்ல கரைஞ்சிடிச்சி. இது இன்னும் கரையல பாரு" என்றார். அப்புறம் அவர் செத்துப்போன பிள்ளைத்தாச்சியைப் பற்றிப் பேசவே இல்லை. அப்படி ஒருத்தி நிஜமாக இருந்தாளா என்று நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் வீட்டில் எதை எப்படிச் செய்கிறேன் என்று பார்த்துப் பார்த்து நீ கேலி செய்கிறாய். அம்மா குப்பைக்கு வேலைக்காரி ஆகிவிட்டாள் என்பாய். காரணம் இப்போது தெரிந்திருக்கும். காய்த்தோலை ஓட்டை போட்ட பானையில் காய்ந்த சருகோடு போட்டுக் கிளறிவிட்டால் அதற்கு மூச்சு கிடைக்கிறது. கொஞ்ச நாளில் மண்ணாகிறது, மழை பெய்த வாசம் வருகிறது. அதே தோலைக் கேரி பேக்கில் முடிச்சுப் போட்டுப் புதைத்தால் மூச்சில்லாமல் அழுகி, நம் மூச்சைத் தேடி வருகிறது. வித்தியாசம் அந்த முடிச்சு மட்டும்தான். நித்யாவிடம் சொல், பேட்டரியையும் பழைய பல்பையும் தனி டப்பாவில் சேர்க்கட்டும். நகராட்சிக்காரர்களிடம் தனியாகக் கொடுக்கலாம். டாய்லெட்டுக்கு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்ற வேண்டாம். அது நீங்களே கலக்கிக்கொள்கிற விஷக்காற்று. புழங்காத பாத்ரூம் இருந்தால் தரை ஓட்டையில் அவ்வப்போது ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அதற்குக் கீழே குழாயின் வளைவில் நிற்கிற அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்குப் போட்ட கதவு. காய்ந்தால் கதவு திறந்துவிடும். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அடைக்காதீர்கள். பிள்ளைக்குக் கம்பளி போர்த்தலாம், அறைக்குப் போர்த்தக் கூடாது. வெள்ளி காரணமில்லாமல் கறுத்தால் புளி தேடாதே, ஜன்னலைத் திற.

இந்த வீட்டை விற்றுவிட உன் அப்பா ஆசைப்பட்டார். போன வருஷம் பார்க்கப் பலர் வந்தார்கள். தெருவில் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். இந்த வீடு போகாவிட்டால் தங்கள் வீடும் போகாது என்ற பயம். வந்தவர்கள் எல்லாரும் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். குழாயைத் திறந்து பார்த்தார்கள். சாமி அறை எந்தத் திசை என்று கேட்டார்கள். கொல்லையில் நிற்கிற உயரமான குழாயைப் பார்த்து என்னவென்று கேட்டவர்களுக்கு, "செப்டிக் டேங்க் பைப்புங்க" என்றார் உன் அப்பா. நானும் சும்மா இருந்தேன்.

கடைசியாக ஒரு இளம் ஜோடி வந்தது. அந்தப் பெண்ணுக்குச் செல்விக்கு இருந்த மாதிரி வயிறு. புருஷன் மாடியைப் பார்க்கப் போனான். அவள் கொல்லை வாசற்படியில் நின்று, காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே, "இங்க முன்ன இன்னா இருந்துச்சிம்மா?" என்றாள். வந்தவர்களில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். உன் அப்பா என்னைப் பார்த்தார். பக்கத்து மதிலுக்கு மேல் அஞ்சலக்காவின் தலை தெரிந்தது. நான் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு எழுந்து, புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. உன் அப்பா கோபித்துக்கொண்டு அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவரே, "நல்லவேளை கேட்டா" என்றார்.

நாளைக்கு அந்த வீட்டுக்குப் போ. புரோக்கரிடம் கேட்காதே. டீக்கடைக்காரரிடம் கேள், மாடு மேய்க்கிறவரிடம் கேள், எதிர்வீட்டில் துணி உலர்த்துகிற பெண்ணிடம் கேள். இங்கே முன்னால் என்ன இருந்தது என்று கேள். கேட்டுவிட்டு வாயைப் பார்க்காதே, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்களா என்று பார்.

அம்மா